18 சதவீதம் என்றால் 18 பேரா?

கேள்வி: எனக்கு 46 வயது. சாசேஜ், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்று செய்தியில் படித்தேன். வாரம் இரண்டு தடவை சாப்பிடுகிறேன். 100 பேரில் 18 பேருக்கு வருமா டாக்டர்? பயமாக இருக்கிறது.

பதில்: இல்லை, அப்படி வராது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் வெளியிட்ட கணக்கு அது. வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு இந்த நோய் வரும் என்று வைத்துக்கொள்வோம். அத்தனை பேரும் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் அந்த 5-தான் 18 சதவீதம் கூடி, கிட்டத்தட்ட 6 ஆகும். '5 பேர், 6 பேர்' என்று செய்தியில் ஒரு வரி சேர்த்திருந்தால் உங்கள் தூக்கம் கெட்டிருக்காது. அதை விட்டுவிடுவது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுகிறார்கள். இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் யாருக்கும் சாப்பாட்டை அளந்து கொடுப்பதில்லை. 'கடந்த ஒரு வருடத்தில் இதை எத்தனை முறை சாப்பிட்டீர்கள்?' என்று படிவத்தில் கேட்பார்கள். போன செவ்வாய்க்கிழமை மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாலே என் எதிரில் உட்கார்ந்திருப்பவர் கூரையைப் பார்ப்பார்! அப்புறம், இறைச்சி அதிகம் சாப்பிடுபவர் புகைபிடிப்பவராகவும் இருக்கலாம். அதையெல்லாம் கணக்கில் கழிப்பார்கள், முழுதாகக் கழியாது.

இப்படிப்பட்ட ஆய்வுகள் எப்படி ஏமாற்றலாம் என்பதற்கு ஓர் உதாரணம், கேரட் போன்றவற்றில் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற சத்து. அந்தச் சத்துள்ள காய், பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டின. சரி என்று பின்லாந்தில் புகைபிடிக்கும் சுமார் 29,000 ஆண்களைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு அதை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தது: மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்.

உணவை எப்படி அளந்தோம், எங்கே பிழை வரலாம் என்று ஆய்வாளர்களே வெளிப்படையாக எழுத வேண்டும் என்று 2016-ல் 'ஸ்ட்ரோப்-நட்' என்ற பெயரில் 24 பரிந்துரைகள் வந்தன. செய்தி எழுதுபவர்களும் அதில் பாதியையாவது கடைப்பிடிக்க வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பதப்படுத்திய இறைச்சியைப் பொறுத்தவரை ஆதாரம் வலுவானதுதான். பல ஆய்வுகள் ஒரே பக்கம் நிற்கின்றன. வாரம் இரண்டு என்பதை இன்னும் குறைத்தால் நல்லது. அதைவிட முக்கியம், வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா, மலத்தில் ரத்தம் போகிறதா என்பது. இரண்டில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டாலும், இந்த வயதில் மலப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று அவரிடம் கேளுங்கள்.