பனி உருகும் முன்: ரொறன்ரோ வீட்டுத்தோட்டக் கேள்வி பதில்

பெப்ரவரி நடுப்பகுதி. பின்வளவில் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கிறது. தோட்டத்தைப் பற்றிப் பேச இதுவா நேரம் என்று வீட்டில் கேட்பார்கள். ஆனால் ஓகஸ்ட் மாதத்தில் கத்தரிக்காய் பிடுங்கப் போகிறோமா இல்லையா என்பது இந்த இரண்டு மாதத்தில்தான் தீர்மானமாகிறது. இருபது வருடத்துக்கு மேலாக ஸ்காபரோவில் ஊர்ப் பயிர்களை வளர்த்து வருகிறேன். இந்தப் பருவத்தில் பலர் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

ஸ்காபரோவிலிருந்து ஒரு அக்கா: தம்பி, போன வருஷம் ஏப்ரலில் மிளகாயும் கத்தரியும் விதைத்தேன். செடி நல்லாத்தான் வந்தது. காய் பிடிக்கத் தொடங்கச் செப்ரெம்பர் ஆகி, குளிரும் வந்துவிட்டது. எங்கே பிழை விட்டேன்?

விதைத்த நாள் பிந்திவிட்டது அக்கா, மற்றதெல்லாம் சரியாகவே செய்திருக்கிறீர்கள். வெளியில் நடும் நாளை முதலில் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னுக்கு எண்ண வேண்டும். இங்கே பெரும்பாலானோர் விக்டோரியா நாள் வார இறுதியை அந்த நாளாக வைத்துக்கொள்கிறார்கள். அது மே 25க்கு முந்திய திங்கட்கிழமை. அதற்கு முன் ஓர் இரவு உறைபனி விழுந்தாலும் கத்தரி கருகிவிடும்.

மிளகாய்க்கு அந்த நாளிலிருந்து 10 முதல் 12 கிழமை, கத்தரிக்கு 8 முதல் 10 கிழமை, தக்காளிக்கு 6 முதல் 8 கிழமை பின்னுக்குப் போங்கள். எங்கள் வீட்டில் மகா சிவராத்திரியை ஒட்டி மிளகாய் விதை மண்ணுக்குள் போய்விடும். அடுத்த ஒன்றிரண்டு கிழமையில் கத்தரி. தக்காளியை மார்ச் கடைசிக்கு முன் தொடவே மாட்டேன். அது கெதியாக வளரும். முந்திப் போட்டால் மே மாதத்துக்குள் யன்னல் உயரத்துக்கு வந்து, நடும்போது முறிந்துவிடும்.

இன்னொரு விஷயம், மண்ணின் சூடு. மிளகாய், கத்தரி விதைகள் முளைக்க மண் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். நம் பேஸ்மென்ற்களில் பெப்ரவரியில் 17, 18 பாகைக்கு மேல் வராது. அந்தக் குளிரில் விதை மூன்று கிழமை சும்மா கிடக்கும், பாதி அழுகியும் போகும். தட்டின் அடியில் வைக்கும் ஹீற் மாற் ஒன்று வாங்கினால் பல வருடம் உழைக்கும். வாங்க விருப்பமில்லையென்றால் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துப் பாருங்கள். சில பெட்டிகளின் மேற்பக்கம் இளஞ்சூடாக இருக்கும், கை வைத்தாலே தெரியும்.

மார்க்கம், முதல் முறை விதைப்பவர்: விதை நன்றாக முளைக்கிறது. ஆனால் நாற்று நூல் மாதிரி நீண்டு, ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு அடித்தண்டு கறுத்து விழுந்துவிடுகிறது. தெற்குப் பார்த்த யன்னலில்தான் வைத்திருக்கிறேன்.

இரண்டு வேறு பிரச்சினைகள் ஒன்றாக வந்திருக்கின்றன.

நாற்று நீள்வது வெளிச்சக் குறைவால். பெப்ரவரி நடுவில் ரொறன்ரோவில் பகல் பத்தரை மணி நேரம்தான், அதிலும் பாதி நாள் மேகம். தெற்கு யன்னல் என்றாலும் போதாது. செடி வெளிச்சத்தைத் தேடித் தேடி நீள்கிறது. கராஜில் மாட்டும் சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. குழல் லைற் இரண்டு போதும். செடிகளுக்கென்று விற்கும் விலை கூடிய ஊதா லைற் தேவையில்லை. நாற்றின் தலையிலிருந்து 5 முதல் 10 சென்ரிமீற்றர் உயரத்தில் தொங்கவிடுங்கள். செடி வளர வளர லைற்றையும் உயர்த்துங்கள். ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும், இரவில் அணைத்துவிடுங்கள்.

பலர் விடும் பிழை ஒன்று உண்டு. விதை முளைத்த பிறகும் ஹீற் மாற்றை எடுப்பதில்லை. சூடு கூட, வெளிச்சம் குறைய என்றால் நாற்று நீளத்தான் செய்யும். பாதிக்கு மேல் முளைத்தவுடன் மாற்றை எடுத்துவிட்டு 20 பாகை அளவில் வளர விடுங்கள்.

அடித்தண்டு கறுத்து விழுவது நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சை வகைகளால் வருவது. விழுந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது, வராமல் தடுக்கத்தான் முடியும். தோட்டத்து மண்ணையோ போன வருடத்துச் சாடி மண்ணையோ விதைக்கப் பாவிக்காதீர்கள். விதைகளுக்கென்று விற்கும் புதிய கலவை வாங்குங்கள். பழைய தட்டுகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல் அடித்தட்டில் ஊற்றி, அரை மணி நேரம் உறிஞ்ச விட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். விதை முளைத்ததும் மேல் மூடியைத் திறக்க வேண்டும். பக்கத்தில் சின்ன மின்விசிறி ஒன்று மெல்லச் சுழன்றால் மேல்மண் காயும், தண்டும் உரம் பெறும். விசிறி இல்லாத நாட்களில் நான் காலையும் மாலையும் உள்ளங்கையால் நாற்றுகளின் தலையைத் தடவிவிடுவேன். அதுவும் வேலை செய்கிறது.

பிரம்ப்டன், கறிவேப்பிலை வைத்திருப்பவர்: ஐந்து வருடச் செடி. ஒக்ரோபரில் உள்ளே எடுத்தோம். இப்போது இலை எல்லாம் மஞ்சளாகிக் கொட்டுகிறது. உரம் போடவா? தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

தயவுசெய்து இன்றைக்கே தண்ணீரை நிறுத்துங்கள். உரமும் வேண்டாம்.

உங்கள் செடி பெரும்பாலும் உறங்குகிறது. குளிரும் வெளிச்சக் குறைவும் சேர்ந்தால் கறிவேப்பிலை வளர்ச்சியை நிறுத்தி இலையைக் கொட்டிவிடும். இலை இல்லாத செடி தண்ணீரைக் குடிக்காது. ஊற்றும் தண்ணீர் சாடியிலேயே தங்கி வேரை அழுகச் செய்யும். இலை கொட்டுவதைப் பார்த்துப் பயந்து இன்னும் ஊற்றுகிறோம். என் முதல் கறிவேப்பிலையை நான் அப்படித்தான் இழந்தேன். ஏழு வருடம் வளர்ந்த மரம். அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கொத்து முறிப்பார். மார்ச் மாதம் சாடியிலிருந்து தூக்கியபோது வேர் கூழாக வந்தது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க, தண்டின் தோலை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் கவலை இல்லை. நுனி காய்ந்திருந்தால் கொஞ்சம் கீழே கீறிப் பாருங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றுங்கள். குளிர்காலத்தில் அது இரண்டு கிழமைக்கு ஒரு தடவைகூட வராமல் போகலாம்.

மிச்சமிருக்கும் இலைகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். ஹீற்றர் ஓடும் வீட்டின் வறண்ட காற்றில் செஞ்சிலந்தி பெருகும். மெல்லிய வலையும் இலையில் ஊசிப் புள்ளிகளும் தெரியும். தண்டில் பழுப்பு நிறக் குமிழ் ஒட்டியிருந்தால் அது செதில் பூச்சி. செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், சாடியின் வாயைப் பையால் கட்டிவிட்டு இளஞ்சூட்டுத் தண்ணீரில் இலையின் அடிப்பக்கம் படக் கழுவுங்கள். செதிலை நகத்தால் சுரண்டி எடுக்கலாம். கிழமைக்கு ஒரு தடவை, மூன்று நான்கு கிழமை விடாமல் செய்ய வேண்டும்.

மார்ச் கடைசியில் புதுத் துளிர் தெரியும். அப்போது சாடி மாற்றலாம், உரம் தொடங்கலாம், நுனியை வெட்டிப் பக்கக் கிளை விடச் செய்யலாம். வெளியே வைக்க அவசரப்படாதீர்கள். இரவு 12 பாகைக்குக் கீழே போகாத நாட்கள் வரும்வரை அது உள்ளேயே இருக்கட்டும்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: பேஸ்மென்றில் வைத்த முருங்கை வெறும் தடியாக நிற்கிறது. எறிந்துவிடவா?

எறியாதீர்கள். மேலே சொன்ன அதே நகச் சோதனைதான். அடித்தண்டு கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, மெத்தென்று அமுங்கினால் போய்விட்டது. ஏப்ரலில் சூடும் வெளிச்சமும் கொடுத்தால் துளிர்க்கும். இங்கே முருங்கையை இலைக்காக வளர்க்கிறோம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வது நல்லது.

மிசிசாகா: ஊரிலிருந்து கொண்டுவந்த பாவற்காய், புடலங்காய் விதைகள் இரண்டு வருடமாக முளைக்கவே இல்லை. விதை பழுதா?

இருக்கலாம், ஆனால் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். பாவல் விதையின் ஓடு கெட்டி. நகவெட்டியால் விளிம்பில் ஒரு சின்னத் துண்டை மட்டும் நறுக்குங்கள், உள்ளே இருக்கும் பருப்பில் படக்கூடாது. இரவு முழுக்க இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டு, ஈரமான பேப்பர் ரவலில் சுற்றி, சிப் பையில் போட்டு 30 பாகை அளவு சூடான இடத்தில் வையுங்கள். பத்து விதையில் எத்தனை முளை விடுகிறது என்று இரண்டு கிழமை பாருங்கள். ஐந்துக்கு மேல் வந்தால் நல்ல விதை. ஒன்றிரண்டுதான் வந்தால் நடும்போது கூடுதலாகப் போடுங்கள்.

சோதனைக்கு மட்டும் இப்போது செய்யுங்கள். நடுவதற்கானதை இப்போது போடாதீர்கள். கொடிப் பயிர்களுக்கு மூன்று நான்கு கிழமை முன்னேற்பாடு போதும். சித்திரை வருடப்பிறப்பு முடிந்து ஒரு கிழமை கழித்துத்தான் நான் பாவல் விதையை ஊறப் போடுவேன். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பையில் வையுங்கள். வேரைக் குழப்பினால் கொடிக்குப் பிடிக்காது. பயற்றங்காய்க்கு இந்த உபசாரம் எதுவும் வேண்டாம், ஜூன் தொடக்கத்தில் மண் சூடானதும் நேரே நிலத்தில் ஊன்றுங்கள்.

ஏஜாக்ஸ்: பனி உருகியதும் மண்ணைக் கொத்திவிடலாமா?

ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் அமுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டினாலும் உடையாவிட்டால் இன்னும் காத்திருக்க வேண்டும். நம் பக்கத்து வளவுகளில் பெரும்பாலும் களிமண். ஈரத்தில் கொத்தினாலும் மிதித்தாலும் அது இறுகி, கோடையில் செங்கல் மாதிரி ஆகிவிடும். தட்டினால் உதிரும் பதம் வந்தபின் மேலே இரண்டு அங்குலம் கொம்போஸ்ற் பரப்பினால் போதும். அடியோடு புரட்டத் தேவையில்லை.

பலகை அடித்து உயர்த்திய பாத்தி இருந்தால் மண் சீக்கிரம் காயும், சீக்கிரம் சூடாகும். அதில் ஏப்ரல் நடுவிலேயே முள்ளங்கி, கீரை வகையில் ஸ்பினாச், பட்டாணி போடலாம். ஏப்ரல் கடைசியில் கொத்தமல்லி. இவை லேசான உறைபனியைத் தாங்கும்.

ஸ்காபரோ, 14ஆவது மாடி: பல்கனி மட்டும்தான் இருக்கிறது. இப்போதே செய்யக்கூடியது ஏதாவது?

பொன்னாங்காணி. தமிழ்க் கடையில் ஒரு கட்டு வாங்கி, கெட்டித் தண்டுகளாக ஐந்தாறு எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீர்ப் போத்தலில் நிறுத்துங்கள். பத்து நாளில் கணுவில் வேர் தெரியும். புதினாவும் அப்படியே. கத்தரிக்கு ஒரு செடிக்கு ஒரு 20 லீற்றர் வாளி தேவை, அடியில் துளை கட்டாயம். அந்த உயரத்தில் காற்று அதிகம், அதனால் உயரம் குறைந்த மிளகாய் வகைகளைத் தெரிவு செய்யுங்கள்.

பிக்கரிங்: அப்பிள் மரத்தையும் ரோஜாவையும் இப்போது வெட்டலாமா?

அப்பிள், பேரி, முந்திரிகை (திராட்சை) வெட்ட இதுதான் நேரம், கடுங்குளிர் தணிந்து மொட்டு வெடிக்கும் முன். ரோஜாவுக்குப் பொறுங்கள். அயலில் ஃபோர்சிதியா என்ற புதர்ச்செடியின் மஞ்சள் பூ தெரியும்போது வெட்டுவது இங்கே பழைய வழக்கம். லைலாக்கைத் தொடாதீர்கள். அதில் இந்த வருடப் பூவுக்கான மொட்டு ஏற்கெனவே இருக்கிறது.

மொன்றியல்: போன மே மாதம் நாற்றுகளை வெளியே வைத்த இரண்டாம் நாளே இலை வெள்ளையாகிப் போனது. நோயா?

வெயில் சுட்டது. வீட்டு லைற்றில் வளர்ந்த இலைக்கு நேர் வெயில் தாங்காது. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு, பிறகு காலை வெயில் கொஞ்சம் என்று பத்து நாள் பழக்குங்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு வார இறுதியில் தொடங்கி, மற்ற நாட்களில் வீட்டின் வடக்குப் பக்கச் சுவரோரம் வைத்துவிட்டுப் போகலாம். காற்று பலமான நாளில் வெளியே வைக்க வேண்டாம்.

மார்க்கம், மகள் ஒருவர்: அம்மாவுக்கு 81 வயது. ஊரில் பெரிய தோட்டம் வைத்திருந்தவர். குளிர்காலம் முழுக்க யன்னலோரம் பேசாமல் இருக்கிறார். இப்போது அவர் கையால் செய்யக்கூடிய வேலை ஏதாவது சொல்லுங்கள்.

வெந்தயம் கொடுங்கள். இரவில் ஒரு பிடி ஊறவையுங்கள். சாப்பாடு வாங்கிய அலுமினியத் தட்டில் துளையிட்டு, இரண்டு அங்குலம் மண் போட்டு, அம்மா கையால் நெருக்கமாகத் தூவி மேலே மெல்லியதாக மண் மூடட்டும். மூன்று நான்கு நாளில் முளைக்கும். மூன்று கிழமையில் ஒரு கறிக்குக் கீரை வெட்டலாம். கிழமைக்கு ஒரு தட்டு என்று போட்டால் யன்னலோரம் எப்போதும் ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டிருக்கும். விதை பொறுக்குவது, உறையில் பெயர் எழுதுவது, பேப்பர் ரவலில் முளை எண்ணுவது எல்லாம் அவரிடமே விடுங்கள்.

ஏப்ரல் நடுவில் தக்காளி நாற்றைப் பெரிய கோப்பைக்கு மாற்ற வேண்டி வரும். மேசையில் பழைய பத்திரிகை விரித்து, மண்ணை ஒரு பேசினில் போட்டு முன்னால் வையுங்கள். தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்கி, கீழ் இலை வரை புதைக்க வேண்டும். அவர் அதை உங்களுக்குச் சொல்லித் தருவார், பக்கத்தில் இருந்து கேளுங்கள்.