முயல் வேஷத்துக்குப் பின்னால் ஒரு பயம்

கேள்வி: 15 வயது மகள், 'ராஸ்கல் டஸ் நாட் ட்ரீம் ஆஃப் பன்னி கேர்ள் சென்பாய்' என்ற அனிமேயை, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடரை, பார்க்க வேண்டும் என்கிறாள். தலைப்பையும் போஸ்டரையும் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது. அனுமதிக்கலாமா?

பதில்: இந்தத் தொடருக்கு அதன் தலைப்பு செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. முயல் காது வைத்த அந்த உடை ஒரு காரணத்தோடுதான் வருகிறது. சிறுவயதிலேயே நடித்துப் புகழ்பெற்ற சகுராஜிமா மாய், இப்போது நடிப்பை நிறுத்தி வைத்திருக்கும் பள்ளி மாணவி. சில நாட்களாகத் தான் பிறர் கண்ணில் படுவதே இல்லையோ என்று அவளுக்குச் சந்தேகம். சோதித்துப் பார்க்கத்தான் அந்த வேஷத்தில் நூலகத்துக்குள் நடக்கிறாள். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அதே பள்ளியில் படிக்கும் அஸுசகாவா சகுதா ஒருவனைத் தவிர. அங்கே தொடங்குகிறது கதை.

மனதுக்குள் வைத்துப் புழுங்கும் கவலை, இயற்கைக்கு மீறிய ஒரு கோளாறாக வெளியே வருவதைத் தொடரில் 'பியூபர்ட்டி சிண்ட்ரோம்' என்கிறார்கள். தாராளமாகப் பார்க்கலாம். இரண்டு விஷயங்களை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சகுதாவின் பேச்சில் இரட்டை அர்த்தக் குறும்பு உண்டு. அவன் தங்கை கயேதேவுக்கு நேர்ந்ததுதான் அதைவிடக் கனமானது. வகுப்புத் தோழிகள் இணையத்தில் எழுதிய சுடுசொற்கள், அவள் உடம்பில் வெட்டுக்காயமாகவும் கன்றிப்போன தழும்பாகவும் எழும்புகின்றன. அதுபோன்ற வதையை அனுபவித்த பிள்ளையாக இருந்தால் 11 முதல் 13 வரையுள்ள எபிசோடுகளைக் கூடவே உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: மாய் ஏன் மறைந்துபோகிறாள்? மூன்று எபிசோடு பார்த்தும் சரியாகப் பிடிபடவில்லை. குவாண்டம் இயற்பியல் தெரிந்திருக்க வேண்டுமா?

பதில்: தெரிந்திருக்க வேண்டியதில்லை. சகுதாவின் தோழி ஃபுதாபா ரியோ, ஷ்ரோடிங்கரின் பூனை என்ற இயற்பியல் கற்பனைச் சோதனையைச் சொல்லி விளக்குகிறாள்: பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை உள்ளே இருக்கும் பூனையின் நிலை முடிவாவதில்லை. அதை ஓர் உவமையாக எடுத்துக்கொண்டால் போதும். அந்த வகுப்பறையில் மாய் இருக்கும் பெட்டியை யாரும் திறப்பதில்லை.

உண்மையான காரணம் அந்தப் பள்ளியின் சூழலில் இருக்கிறது. சுற்றியிருப்பவர்களின் மனநிலையைச் சொல்லாமலே உணர்ந்து அதற்கேற்ப நடப்பதை ஜப்பானியர்கள் 'காற்றை வாசிப்பது' என்பார்கள். புகழ்பெற்ற பெண்ணிடம் எப்படிப் பழகுவது என்று தெரியாத மாணவர்கள், அவள் இல்லாததுபோலவே இருந்துவிடுகிறார்கள். தன்னை யாருக்கும் தெரியாத இடத்துக்குப் போய்விட வேண்டும் என்ற ஆசை மாய்க்கும் இருந்தது. இரண்டும் சேர்ந்ததில்தான் கோளாறு. முதலில் கண்ணிலிருந்து மறைகிறாள், பிறகு நினைவிலிருந்தும். தூங்கினால் மறந்துவிடுவோம் என்று சகுதா விழித்தே கிடப்பது அதனால்தான்.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற கதைகளும் தாமாகத் திறக்கும். பயம் எந்த வடிவமோ கோளாறும் அதே வடிவம். அதே பள்ளி மாணவி கோகா தோமோஏவுக்குத் தோழிகள் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம். நாளை என்பதே வரவேண்டாம் என்று நினைக்கிறாள், ஜூன் 27 திரும்பத் திரும்ப விடிகிறது. அக்காவைப் போல இரு என்று கேட்டே வளர்ந்த மாயின் தங்கை நோதோகா, ஒரு நாள் அந்த அக்காவின் உடம்பிலேயே இருக்கிறாள். தன்னையே வெறுக்கும் ஃபுதாபா இரண்டு பேராகப் பிரிகிறாள். 7, 8 ஆகிய அந்த இரண்டு எபிசோடுகளைத்தான் தொடரின் உச்சமாகச் சொல்வேன். ஊராரின் கோளாறுக்கெல்லாம் விளக்கம் சொன்னவளுக்குத் தன் வலியைச் சொல்லத்தான் வார்த்தை கிடைக்கவில்லை.

கேள்வி: திரைப்படங்களும் இருக்கின்றனவாமே, எந்த வரிசையில் பார்ப்பது?

பதில்: 2018-இல் குளோவர்வொர்க்ஸ் ஸ்டுடியோ தயாரித்த 13 எபிசோடுகள் முதலில். அடுத்து 2019-இல் வெளிவந்த 'ட்ரீமிங் கேர்ள்' படம், ஒன்றரை மணி நேரம். இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். 13-ஆவது எபிசோடோடு நிறுத்தினால் சகுதாவின் மார்பில் இருக்கும் தழும்புகள் எப்படி வந்தன, இரண்டு ஆண்டுகளுக்கு முன் கடற்கரையில் சந்தித்த ஷோகோவும் இப்போது வரும் பள்ளிச்சிறுமி ஷோகோவும் யார் யார் என்ற முடிச்சுகள் அவிழாமலே நிற்கும். விடை முழுக்க அந்தப் படத்தில். அதன் பிறகு 2023-இல் வந்த 'சிஸ்டர் வெஞ்சரிங் அவுட்', 'நாப்சாக் கிட்' இரண்டும் அதே வரிசையில். சகுதாவின் கல்லூரிக் காலத்தைச் சொல்லும் 2025-ஆம் ஆண்டின் 'சாண்டா கிளாஸ்' தொடர் கடைசியில்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: எபிசோடு முடிவில் வரும் பாட்டைத் தாண்டிப் போகாதீர்கள். மெட்டு ஒன்றுதான், ஆனால் அந்தந்தக் கதையின் நாயகிக்கேற்பப் பாடும் குரல் மாறும்.

கேள்வி: அதில் வரும் கடற்கரையும் ரயிலும் உண்மையா?

பதில்: உண்மைதான். கனகாவா மாகாணத்தின் ஃபுஜிசாவா நகரம், கமகுரா வரை ஓடும் எனோதென் ரயில், ஷிச்சிரிகஹாமா கடற்கரை, எனோஷிமா தீவு எல்லாம் ஜப்பானில் இருப்பவையே. மாயும் சகுதாவும் படிக்கும் மினேகஹாரா பள்ளியின் பெயர் மட்டும் கற்பனை.