பத்து வார விடுமுறையில் வேளாண் ஆய்வுப் பயிற்சி: கேள்வி பதில்

இளங்கலை மாணவர்கள் நீண்ட விடுமுறையில் நிலைத்த வேளாண்மை சார்ந்த ஆய்வுப் பயிற்சிக்குச் செல்வது குறித்துப் பலர் கேட்டிருந்தீர்கள். கோலாலம்பூரில் வசித்துக்கொண்டு, செர்டாங் வட்டாரத்தில் இத்தகைய மாணவர்களை வழிநடத்தி வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (உயிரியல் இரண்டாம் ஆண்டு மாணவி, கிள்ளான்): எங்கே விண்ணப்பிப்பது, ஐயா?

அருகிலிருந்தே தொடங்குங்கள், தங்கை. 1931-இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கிய புத்ரா பல்கலைக்கழகமும், 1969-இல் அமைக்கப்பட்ட மார்டி என்ற மலேசிய வேளாண் ஆய்வுக் கழகத்தின் தலைமையகமும் செர்டாங்கில்தான் இருக்கின்றன. செம்பனை என்றால் பாங்கியில் உள்ள மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம். நெல் என்றால் மார்டியின் செபராங் பிறை நிலையம். பினாங்கு பத்து மாவுங்கில் வோர்ல்ட்ஃபிஷ் என்ற அனைத்துலக ஆய்வு நிறுவனத்தின் தலைமையகம் இருப்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. மீன் வளர்ப்பும் உணவு உற்பத்திதான், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தை நிறுவனத்தின் பொது முகவரிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட, ஓர் ஆய்வாளரின் அண்மைக் கட்டுரையை முழுமையாகப் படித்து, அதில் எந்தப் பகுதியில் நீங்கள் உதவ முடியும் என்பதை ஒரு பக்கத்துக்குள் அவருக்கே எழுதுவது மேல். “எந்த வேலையும் செய்வேன்” என்று எழுதும் மாணவருக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசிக்க அவருக்கு நேரம் இருக்காது.

கேள்வி (வேளாண் அறிவியல் மாணவர், பட்டர்வொர்த்): பத்து வாரத்தில் உருப்படியாக எதை ஆராய முடியும்?

இதுதான் எல்லாரும் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நெல் அறுவடைக்கு ஏறத்தாழ 110 நாளாகும். செம்பனையில் மகரந்தம் சேர்ந்தபின் குலை பழுக்க ஐந்தாறு மாதமாகும். ஆகவே விளைச்சலை ஒப்பிடப் போகிறேன் என்று கிளம்பினால், பயிர் முடியுமுன் உங்கள் விடுமுறை முடிந்துவிடும். பத்து வாரத்துக்குள் தொடங்கி முடியக்கூடிய ஒரு சிறு கேள்வியைக் கண்டுபிடிப்பதே பாதி ஆய்வு என்பேன்.

எடுத்துக்காட்டாக, வயலில் எப்போதும் நீர் நின்றால் மண்ணுக்குக் காற்று எட்டாது. அந்தக் காற்றில்லா மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அதைக் குறைக்க, நீர் கட்டுவதையும் வடியவிடுவதையும் மாறி மாறிச் செய்யும் முறை ஒன்று உண்டு. சுமார் 30 செ.மீ. நீளமுள்ள, துளையிட்ட பிவிசி குழாயைப் பாதி மண்ணுக்குள் இறங்கும்படி நட்டு, உள்ளே இருக்கும் சேற்றைக் கையால் வழித்தெடுத்துவிடுவார்கள். குழாய்க்குள் நீர்மட்டம் மண்பரப்புக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கும் காலத்தில் மட்டும் வயல் காயக் கூடாது. தினமும் காலையில் ஒரு கோலை விட்டு மட்டத்தை அளந்து, மழையளவையும் குறித்து வந்தால், எந்தப் பாத்தி எத்தனை நாளில் அந்த அளவுக்கு இறங்குகிறது, ஏன் ஒன்று மட்டும் முந்துகிறது என்பதை விளைச்சலுக்குக் காத்திராமலே சொல்லிவிடலாம்.

வயல் கிடைக்காதவர்கள் கங்கோங் கீரையை எடுத்துக்கொள்ளலாம். விதைத்து நான்கு வாரத்தில் அறுத்துவிடலாம் என்பதால், செம்பனை ஆலையில் மிஞ்சும் வெற்றுக் குலையிலிருந்து செய்த மக்கு உரத்தை இரண்டு சுற்று சோதித்துப் பார்க்க நேரம் இருக்கும். உரம் இடாத தொட்டிகளும் கட்டாயம் வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் நான்கு தொட்டியாவது வைத்து, அவற்றின் இடத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். வெயில் நன்றாக விழும் பக்கத்தில் நமக்குப் பிடித்த தொட்டியை வைக்கத் தோன்றுவது மனித இயல்பு.

கேள்வி (ஒரு தந்தை, சுங்கை சிப்புட்): தோட்டத்தை விட்டு வெளியே வர நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. படித்த மகள் மறுபடியும் செம்பனைக் காட்டுக்குத்தான் போக வேண்டுமா?

ஐயா, உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் மகள் அங்கே போவது கேள்வி கேட்கிறவராக. செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தம் தூவிய காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு கூன்வண்டு கொண்டுவரப்பட்ட பிறகு அந்த வேலையை வண்டே செய்யத் தொடங்கியது. அது ஆய்வின் பயன். எலிக்கு நஞ்சு வைப்பதைக் குறைப்பதற்காக, எலியைத் தின்னும் கூகை என்ற ஆந்தைக்குப் பெட்டி வைத்துக் கூடு கட்டவிடும் முறையும் அப்படிப்பட்டதே. எந்தப் பாத்தியில் நீர் தேங்கும், எந்த வரிசையில் எலி அதிகம் என்று உங்களுக்குத் தெரிந்ததை மகளிடம் சொல்லி அனுப்புங்கள். எந்த விரிவுரையிலும் அது அவருக்குக் கிடைக்காது.

கேள்வி (கணினி அறிவியல் மாணவர், செராஸ்): என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள், தம்பி. நான் மேலே சொன்ன குழாயில் நீர்மட்ட உணரி ஒன்றைப் பொருத்தித் தரவு அனுப்பச் செய்வதே நல்ல ஆய்வு. முதல் இரண்டு வாரம் மட்டும் கோலாலும் அளந்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பிறகு உணரியை நம்புங்கள்.

கேள்வி (மாணவி, ஜார்ஜ் டவுன்): வெளிநாட்டு வாய்ப்புகள்?

அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்இயு என்ற இளங்கலை மாணவர் ஆய்வுத் திட்ட உதவித்தொகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்பாளர்களுக்கும் உரியது. ஆகவே இணையத்தில் பட்டியலைப் பார்த்து ஏங்க வேண்டாம். பிலிப்பைன்ஸின் லோஸ் பான்யோஸில் உள்ள அனைத்துலக நெல் ஆய்வு நிறுவனம், தைவானின் தைனானில் உள்ள உலகக் காய்கறி மையம் ஆகியவற்றின் அறிவிப்புகளைப் பாருங்கள். விசா, பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் என்று இழுக்கும். ஆறு மாதம் முன்னதாகவே தொடங்கிவிடுங்கள்.

கேள்வி (ஒரு தாய், சிரம்பான்): வயலில் பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்குமா?

அம்மா, தங்குமிடம், வாகனம், உடன் வருபவர் யார் என்ற மூன்றையும் மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. எலிக் காய்ச்சல் சேற்றுநீர் வழியாகப் பரவும் என்பதால் பூட்ஸ் இல்லாமல் வயலில் இறங்கக் கூடாது. காலில் புண் இருந்தால் அன்று இறங்கவே வேண்டாம். மருந்து அடித்த பாத்திக்குள் எப்போது நுழையலாம் என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி (மாணவர், ஷா ஆலம்): படித்தொகை கிடைக்குமா?

இடத்துக்கு இடம் மாறும். விடுதி வாடகைக்கும் பேருந்துக்கும் எவ்வளவு ரிங்கிட் ஆகும் என்று கணக்கிட்டு, ஒப்புக்கொள்ளுமுன் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். காப்புறுதி உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி (மாணவி, காஜாங்): முடித்துவிட்டு வரும்போது எதைக் கொண்டுவர வேண்டும்?

சான்றிதழோடு, மேற்பார்வையாளர் அனுமதித்தால் உங்கள் அளவுகளின் நகல் ஒன்றையும் எடுத்து வாருங்கள். மூலக் குறிப்பேடு ஆய்வுக்கூடத்திலேயே இருக்கட்டும். அடுத்த விடுமுறையில் வரும் மாணவர் நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர அதுதான் தேவைப்படும்.