கடல் ஊரா, கோவைப் புறநகரா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கமுங்க. கணபதியில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து போன பங்குனியில் ரிட்டயர் ஆனேன். இத்தனை வருஷமும் வாடகை வீடுதான். அன்னூர் பக்கம் அப்பா வழியில் வந்த நிலத்தை விற்றதில் கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. மகன் பெங்களூரில். மகளைத் திருப்பூரில் கொடுத்திருக்கிறோம்.

போன தை மாதம் நானும் வீட்டுக்காரம்மாவும் தரங்கம்பாடி போய் இரண்டு நாள் தங்கினோம். கடலிலிருந்து மூன்றாவது தெருவில் ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வந்தது. சரவணம்பட்டியில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்குச் சொல்லும் விலையில் பாதிகூட இல்லை. மகன் ஃபிளாட்தான் வாங்க வேண்டும் என்கிறான். எனக்கு மனசு கடலிலேயே நிற்கிறது. வீட்டுக்காரம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அவளைக் கேட்டால் "நீங்க எங்க சொன்னாலும் செரி" என்கிறாள். அவளுடைய அக்கா, தங்கை இருவரும் கோவையில்தான். தரங்கம்பாடி வீட்டுக்காரர் ஆவணிக்குள் அட்வான்ஸ் கேட்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

எஸ், கணபதி, கோவை

அன்புள்ள எஸ்,

அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். சரவணம்பட்டிக்கும் கொடுக்க வேண்டாம். ஐப்பசியில் தரங்கம்பாடிக்குப் போய் வாடகைக்கு இருங்கள், மார்கழி முடியட்டும். நீங்கள் பார்த்தது தை மாதத்துத் தரங்கம்பாடி. மழை ஓய்ந்து, வெயில் ஏறாமல், கடல் அடங்கிக் கிடக்கும் மாதம் அது. குடியிருக்கப் போகிறவர் ஒரு ஊரை அதன் மோசமான மாதத்தில் பார்க்க வேண்டும். அந்த மாதத்திலும் இங்கே இருப்பேன் என்று தோன்றினால் அப்புறம் பத்திரம் பற்றிப் பேசலாம்.

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. கொங்கு நாட்டுக்காரனுக்குக் கடல் ஒரு ஏக்கம்தான். நமக்கு மலை உண்டு, ஆறு உண்டு, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உண்டு. கடல் மட்டும் கிடையாது. தர்ப்பணத்துக்கு ராமேஸ்வரம், நேர்த்திக்குத் திருச்செந்தூர் என்று போய்ப் பார்த்துவிட்டு வருவோம். கோவைக்குக் கிட்டத்துக் கடல் கிழக்கே இல்லை, மேற்கே பொன்னானியில் இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. பாலக்காடு தாண்டிப் போனால் மொத்தமே நூற்றைம்பது கிலோமீட்டருக்குள்தான். வாரக் கடைசியில் அலை பார்க்க வேண்டும் என்றால் அதற்கு வீடு வாங்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பது அந்த அளவு ஆசை இல்லை, அதைவிடப் பெரியது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதலில் வீடு. இரும்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை போகும்போது அந்தத் தெருவில் ஏதாவது ஒரு கேட்டின் கீலை விரலால் சுண்டிப் பாருங்கள். பெயின்ட் அடித்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது, உள்ளே துரு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து வரும். ஜன்னல் கம்பி, தாழ்ப்பாள், ஏ.சி.யின் வெளி யூனிட், ஃபிரிட்ஜின் பின்புறம் எல்லாவற்றிலும் அந்த உப்புக் காற்று வேலை செய்துகொண்டே இருக்கும். கான்கிரீட் வீடு என்றால் இன்னும் சிக்கல். உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது உப்பிக்கொண்டு வெளியே தள்ள, கூரை அடியில் காரை பிளந்து விழும். இதனால்தான் இந்தியக் கட்டுமானத் தரவிதி கடற்கரைச் சூழலில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. உள்நாட்டில் 20, 30 மில்லிமீட்டர் போதும்.

நீங்கள் பார்த்தது ஓட்டு வீடு என்பது ஒரு வகையில் நல்லது. சுண்ணாம்பும் செங்கல்லும் மரமும் சேர்ந்த பழைய வீடுகளில் துருப்பிடிக்கக் கம்பியே இருக்காது. அங்கே பார்க்க வேண்டியது சுவரின் அடிப்பகுதியை. தரையிலிருந்து முழங்கால் உயரம், சில வீடுகளில் இடுப்பு உயரம் வரை ஈரம் ஏறி உப்புப் பூத்து, பூச்சு பொடிப்பொடியாக உதிரும். விற்கிறவர் அதை மறைக்கப் புதிதாக சிமென்ட் பூசிப் பட்டி பார்த்து வெள்ளை அடித்திருப்பார். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். தை மாதம் எல்லாச் சுவரும் காய்ந்துதான் இருக்கும். கார்த்திகையில் போய்க் கையை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அடுத்தது கடல் எங்கே நிற்கிறது என்பது. தரங்கம்பாடியில் கரையோரம் மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் கட்டியது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கொஞ்ச தூரத்தில் 1620-ல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை நிற்கிறது. அவர்கள் 1845-ல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நானூறு வருஷக் கட்டடம் நிற்கும் அதே கரையில் அதைவிடப் பழைய கோயில் கரைந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் அந்த ஊர் பட்டது உங்களுக்கும் தெரியும். அப்போது அது நாகப்பட்டினம் மாவட்டம். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு மீனவர்களுக்குக் கரையை விட்டு உள்ளே தள்ளிப் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அவர்களை உள்ளே அனுப்பிய கரைக்கு நீங்கள் வீடு தேடிப் போகிறீர்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. அங்கே பிறந்தவர்களுக்குக் கடலை வாசிக்கத் தெரியும். எந்தக் காற்றுக்குக் கிளம்ப வேண்டும், எந்த வீட்டு மாடிக்கு ஓட வேண்டும் என்று தெரியும். நமக்கு ஒன்றும் தெரியாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது சில கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும் இரண்டு பெரியவர்களை நினைத்துப் பாருங்கள்.

பத்திர விஷயம் ஒன்று. மூன்றாவது தெரு என்றால் பெரும்பாலும் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் வந்து தொடும் எல்லையிலிருந்து, 500 மீட்டருக்குள் வரும். அது கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். 1991-ல் வந்த விதி, 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்டது. இருக்கிற வீட்டில் குடியிருப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் நாளைக்கு இடித்துக் கட்டவோ மேலே ஒரு அறை எடுக்கவோ போனால் அனுமதி கேட்பார்கள், எல்லா இடத்துக்கும் கிடைக்காது. வில்லங்கச் சான்றில் இது வராது. மண்டல வரைபடத்தில் அந்த சர்வே எண் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். பாதி விலைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆஸ்பத்திரியைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. கோவையிலிருந்து காலையில் புறப்படும் ஜன் சதாப்தி மதியத்துக்கு மேல் மயிலாடுதுறையில் இறக்கிவிடும், அங்கிருந்து இன்னும் முப்பது கிலோமீட்டருக்குள். போக வர வசதிதான். ஆனால் முழங்கால் ஆபரேஷன் என்று வந்தால் எங்கே செய்வீர்கள்? கோவையில்தான். செய்த பிறகு மாதக்கணக்கில் பிசியோதெரபி. அக்கா, தங்கை பக்கத்தில் வேண்டும். நடுராத்திரி நெஞ்சு வலித்தால் எங்கே போவது என்பதைக் காரைக்காலிலும் மயிலாடுதுறையிலும் நேரில் போய் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மகன் சொல்லும் சரவணம்பட்டி. அந்தப் பையன் மேல் எனக்குக் குறை இல்லை. அவன் ஃபிளாட்டைச் சொத்தாகப் பார்க்கிறான். நீங்கள் அதில் பகல் முழுக்க இருக்கப் போகிறவர். சத்தி ரோட்டு அபார்ட்மென்ட்களில் காலை ஒன்பதரைக்கு மேல் போய் நின்று பாருங்கள். ஐ.டி. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் கிளம்பியிருப்பார்கள், ஸ்கூல் வேன் போயிருக்கும். கீழே செக்யூரிட்டி, வீட்டு வேலைக்கு வந்த அம்மாக்கள், லிஃப்ட் பக்கத்தில் பார்சல் கொண்டுவந்த பையன், அவ்வளவுதான். சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் மறுபடி ஆள் நடமாட்டம். அறுபது வயதுக்காரர்களுக்கு அது சிறை என்றே சொல்வேன். தண்ணீரையும் கேளுங்கள். எந்தக் குழாய், எத்தனை நாளைக்கு ஒரு தடவை, போர் எத்தனை அடி, கோடையில் எத்தனை லாரி, லாரிக் காசு மெயின்டனன்ஸில் சேர்த்தியா தனியா. நம் பக்கம் ஆயிரம் அடி தாண்டியும் போர் போட்டுக் காற்று வந்த கதைகள் உங்கள் தொழிலில் நீங்கள் பார்க்காததல்ல. பதிலை விற்பனை ஆபீஸில் கேட்காதீர்கள். ஏற்கெனவே குடியிருப்பவரிடம், சித்திரையில் கேளுங்கள்.

ஆனால் புறநகர் என்றாலே சரவணம்பட்டி ஃபிளாட் என்று ஏன் வைத்துக்கொண்டீர்கள்? 2011-ல் மாநகராட்சி விரிந்தபோது வடவள்ளி, துடியலூர், குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் எல்லாம் உள்ளே வந்தன. அவை அதற்கு முன்பே ஊர்கள். சொந்தமாகக் கோயில், தேர், டீக்கடை, பஸ் ஸ்டாப், மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் இருக்கும் மளிகைக் கடை எல்லாம் உண்டு. அங்கே பழைய தெருவில் ஒரு தனி வீட்டின் கீழ்த்தளம் வாடகைக்குக் கிடைத்தால், காலையில் பால் வாங்கப் போகிற வழியிலேயே நாலு பேரிடம் பேசிவிட்டு வரலாம். வடவள்ளி என்றால் சிறுவாணித் தண்ணீர், கண்ணெதிரே மருதமலை. துடியலூர் என்றால் மேட்டுப்பாளையம் பாசஞ்சர். ராத்திரி காற்று இறங்கி ஃபேன் இல்லாமல் தூங்கலாம், வருஷத்தில் பாதி நாள். கடற்கரையில் சித்திரை, வைகாசி ராத்திரி புழுக்கம் இறங்கவே இறங்காது. ஆளைப் பிழிந்துவிடும்.

கடைசியாக, உங்கள் வீட்டுக்காரம்மா. "நீங்க எங்க சொன்னாலும் செரி" என்பதை நீங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் பெண்கள் ஆயுள் முழுக்கச் சொல்கிற வாக்கியம் அது. கல்யாணத்துக்குச் சொன்னார்கள், வாடகை வீட்டுக்குச் சொன்னார்கள், இதற்கும் சொல்கிறார்கள். ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பெரியவரை அறிவேன். தொழிலை மகன்களிடம் விட்டுவிட்டு நாகூர்ப் பக்கம் வீடு வாங்கிப் போனார். அவருக்குக் காலையிலும் மாலையிலும் கடல் இருந்தது. படகு வந்து இறங்குவதையும் மீன் ஏலத்தையும் பார்த்துக்கொண்டு நின்றால் அவருக்குப் பொழுது போய்விடும். அந்த அம்மாவுக்கு இருந்தது ஒரு புது அடுப்படி மட்டும். பேச்சு வேறு, கடை வேறு, கிழமைக்குப் போகிற கோயில் வேறு. இரண்டாவது மழைக்காலத்தில் சித்தோட்டில் தங்கை வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. இப்போது அவர் அங்கே, இவர் இங்கே. சண்டை ஒன்றும் கிடையாது. தினம் போனில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதனால் உங்கள் வீட்டுக்காரம்மாவைத் தனியாக, மகனோ மகளோ பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். "போலாமா?" என்று கேட்டால் "செரி" என்றுதான் வரும். அங்கே போனால் செவ்வாய்க்கிழமை என்ன செய்வாய், கால் வலித்தால் யாரைக் கூப்பிடுவாய், அக்காவை எத்தனை நாளைக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தால் அதற்கே அதிக எடை கொடுங்கள்.

நீங்கள் கேட்டதால் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் வடவள்ளியிலோ துடியலூரிலோ பழைய தெருவில் வீடு பார்ப்பேன், வருஷத்தில் தை, மாசி இரண்டு மாதம் தரங்கம்பாடியில் வாடகைக்குப் போய் இருப்பேன். மூன்று மாத மழையில் இருந்து பார்த்த பிறகும் இருவருக்கும் கடல்தான் என்று தோன்றினால் என் கருத்தைத் தள்ளிவிட்டுத் தாராளமாக வாங்குங்கள். அதுவரை அன்னூர்ப் பணம் பேங்கில் கிடக்கட்டும், வரிக்கு ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

ஆவணிக்குள் அட்வான்ஸ் கேட்கிறவரிடம் அந்த வீட்டையே ஐப்பசி முதல் மார்கழி வரை வாடகைக்குத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வாடகை கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். மழைக்காலத்துக்கு மட்டும் தர மாட்டேன் என்றால் அந்த வீடு வேண்டாம்.

அன்புடன்