இசிஆர் பாஸ்போர்ட்டோடு மலேசியா போக 9,000 ரூபாய் ‘கிளியரன்ஸ்’ தேவையா?

கேள்வி: எனக்கு 26 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் தனியாக மலேசியாவைச் சுற்றிப் பார்க்க ஆசை. 55,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். அது முஸ்லிம் நாடு, தலையை மூடாமல் தெருவில் நடக்க முடியாது, தனியாக வரும் பெண்ணைப் போலீஸ் பிடிக்கும் என்று அம்மா பயப்படுகிறார். புதுச்சேரியில் ஒரு ஏஜென்ட் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “இது இசிஆர். முஸ்லிம் நாட்டுக்கு கிளியரன்ஸ் இல்லாமல் விடமாட்டார்கள். அதற்கு 9,000, விசாவுக்குத் தனியாக 4,500” என்கிறார். பாஸ்போர்ட்டையும் 3,000 ரூபாய் அட்வான்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார். என்ன செய்வது?

பதில்: நாளைக்கே போய்ப் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம். பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து என்று 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டமே சொல்கிறது. அதை மேஜை டிராயரில் வைத்துப் பூட்ட எந்த டிராவல்ஸ்காரருக்கும் உரிமை கிடையாது. டிக்கெட் போட அவருக்கு ஜெராக்ஸ் போதும். நீங்கள் வேறு இடத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அசலைக் கேட்டு வாங்குகிறார்கள். தர மறுத்தால், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தைக்கே டிராயர் திறந்துவிடும். அட்வான்ஸுக்கு ரசீது வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கவில்லை என்றால், பணம் அனுப்பிய ஜிபே விவரத்தையாவது படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விசா விஷயம் சுலபம். இந்தியர்கள் சுற்றுலாவாக மலேசியா போக விசா தேவையில்லை. 2023 டிசம்பர் 1-இல் தொடங்கிய இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஒரு முறை போனால் 30 நாள் வரை தங்கலாம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். அதோடு ‘டிஜிட்டல் அரைவல் கார்டு’ என்ற படிவத்தை, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். எம்டாக் என்பார்கள். இதற்குக் கட்டணமே இல்லை. ஆனால் கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் போலித் தளங்கள். பார்க்க அரசாங்கத் தளம் போலவே இருக்கும், கடைசியில் டாலரில் பணம் கேட்கும். மலேசிய அரசின் தள முகவரி ‘கவ் டாட் எம்ஒய்’ என்று முடியும். பணம் கேட்டாலே மூடிவிடுங்கள். அந்த ஏஜென்ட் 4,500 ரூபாய்க்கு உங்கள் கையில் தரப்போவது இந்த இலவசப் படிவத்தின் பிரின்ட் அவுட்டைத்தான்.

இனி இசிஆர். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் நம் பக்கத்துப் பெண்களிடம் பணம் பிடுங்குகிறார்கள். 1983-ஆம் ஆண்டு குடிப்பெயர்வுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. படிப்பு குறைந்தவர்கள் கூலி வேலைக்கு வெளிநாடு போய் ஏமாறக் கூடாது என்பதற்காக வந்தது. அதன்படி பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ‘எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட்’ என்று குறிப்பு போடுவார்கள். அதன் சுருக்கம்தான் இசிஆர். அந்தக் குறிப்போடு குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர், குடிப்பெயர்வு அலுவலகத்தின் அனுமதியைப் பெற வேண்டும். மலேசியா அந்தப் பட்டியலில் இருக்கிறது. தாய்லாந்தும் இருக்கிறது, அது பௌத்த நாடு. ஆகவே ‘முஸ்லிம் நாடு என்பதால்’ என்று அவர் சொன்னது பொய்.

உங்களுக்கு வேண்டியது அடுத்த வரி. அனுமதி, வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான். சுற்றிப் பார்க்கவோ உறவினரைப் பார்க்கவோ போகிறவர் இசிஆர் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. முன்பு அப்படிப் போகிறவர்களும் அலுவலகத்துக்குப் போய் ‘சஸ்பென்ஷன்’ என்று ஒரு முத்திரை குத்திக்கொண்டு வரவேண்டும். 2007 அக்டோபரிலேயே அதை எடுத்துவிட்டார்கள். எடுத்து இவ்வளவு வருடமான ஒரு முத்திரைக்குத்தான் உங்களிடம் 9,000 கேட்கிறார்கள். சில ஏஜென்ட்டுகள் கொஞ்சம் மாற்றி, “ஏர்போர்ட்டில் நமக்கு செட்டிங் இருக்கு” என்பார்கள். அப்படி ஒருவர் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். இமிக்ரேஷன் கவுன்ட்டரில் சிக்கினால் நிற்கப் போவது நீங்கள், அவர் அல்ல.

ஆனால் சட்டத்தில் தேவையில்லை என்பதும், சென்னை கவுன்ட்டரில் சிரமமில்லாமல் போவதும் ஒன்றல்ல. வீட்டு வேலைக்கு என்று ஆசை காட்டி, டூரிஸ்ட் என்று சொல்லி, பெண்களை அனுப்பும் கூட்டம் இன்னும் இருக்கிறது. இசிஆர் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அதனால் 26 வயதுப் பெண், தனியாக, இசிஆர் பாஸ்போர்ட்டோடு வந்து நின்றால் கேள்வி மேல் கேள்வி வரும். யார் கூப்பிட்டார்கள், அப்பாவுக்குத் தெரியுமா என்று கூடக் கேட்பார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. பெண்களை விற்கிறவன் ஊரில் போர்டு மாட்டிக் கடை நடத்துகிறான். சொந்தச் சம்பளத்தில் ஊர் சுற்றக் கிளம்பிய ஆசிரியையை ஓரமாக நிற்க வைத்து விசாரிக்கிறார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் பாதிக்கப்படக் கூடியவளையே சந்தேகப்படுவது எந்த ஊர் நியாயம்?

கோபப்பட்டு என்ன, வழியைப் பார்ப்போம். நீங்கள் ஆசிரியை. பத்தாம் வகுப்பு என்ன, பட்டமே வாங்கியிருப்பீர்கள். பிறகு எப்படி இசிஆர் வந்தது? பாஸ்போர்ட்டுக்கு பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்திருப்பீர்கள். ‘நான்-இசிஆர் பிரிவுக்குத் தகுதி உண்டா’ என்ற கேள்விக்கு அங்கே இருந்தவர் ‘இல்லை’ என்று தட்டியிருப்பார். அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை இணைத்திருக்க மாட்டார்கள். ஒரு டிக் அடிக்கும் விஷயம், பத்து வருஷம் கூடவே வருகிறது.

இதை மாற்ற முடியும். பாஸ்போர்ட் சேவா தளத்தில் மறு வெளியீட்டுக்கு நீங்களே விண்ணப்பியுங்கள். காரணமாக இசிஆர் குறிப்பை நீக்குவதைத் தேர்ந்தெடுத்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழின் அசலோடு நேரில் போனால் போதும். சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய்தான். போலீஸ் விசாரணை மறுபடி வந்தாலும் வீட்டுக்கு வருகிறவருக்கு ஒரு ரூபாய் கூடத் தரவேண்டியதில்லை. டீ செலவு என்றும் தராதீர்கள். புதிதாக வருவதில் இசிஆர் என்ற வரியே இருக்காது. ‘இசிஎன்ஆர் முத்திரை எங்கே’ (அதாவது, எமிக்ரேஷன் செக் தேவையில்லை என்ற முத்திரை) என்று தேட வேண்டாம். 2007-க்குப் பிறகு வெளியான பாஸ்போர்ட்டுகளில் எதுவும் எழுதாமல் இருந்தாலே அதுதான் இசிஎன்ஆர்.

அப்படியும் கேள்வி வரலாம். ரிட்டர்ன் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, பள்ளி அடையாள அட்டை, பள்ளியில் வாங்கிய விடுப்புக் கடிதம், வங்கி இருப்பு இவற்றை ஒரே ஃபைலில் காகிதமாக வைத்திருங்கள். கோலாலம்பூரில் இறங்கும்போதும் இதே ஃபைல்தான். டம்மி டிக்கெட், டம்மி ஹோட்டல் புக்கிங் என்று 500 ரூபாய்க்கு விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். அங்கே ஹோட்டலுக்கு போன் போட்டுக் கேட்டால் அதே விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஈரானில் தலையை மூட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மலேசியாவில் உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. இஸ்லாம்தான் மலேசியக் கூட்டமைப்பின் மதம், மற்ற மதங்களை அமைதியாகப் பின்பற்றலாம் என்று அவர்கள் அரசியல் சாசனத்தின் மூன்றாவது பிரிவு சொல்கிறது. ஷரியா நீதிமன்றம் முஸ்லிம்களுக்கு மட்டும். சுடிதாரில் போங்கள், ஜீன்ஸில் போங்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தேசிய மசூதிக்குள் போனால் வாசலிலேயே அங்கியும் தலைத்துணியும் இலவசமாகத் தருவார்கள், தொழுகை நேரம் தவிர்த்துப் போக வேண்டும், அவ்வளவுதான். பத்துமலையில் 272 படி ஏறப் போகிறவர் முழங்கால் தெரிய உடுத்தியிருந்தால் நம் முருகன் கோயில்காரர்களே நிறுத்தி, துணியை வாடகைக்கு எடுத்துச் சுற்றிக்கொண்டு வரச் சொல்வார்கள். கிளந்தான், திரெங்கானு மாநிலங்கள் கொஞ்சம் கட்டுப்பாடானவை. முதல் பயணத்தில் கோலாலம்பூர், மலாக்கா, பினாங்கு போதும்.

உண்மையான ஆபத்து பைப்பறிப்பு. இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து தோள்பையை இழுத்துக்கொண்டு போவார்கள், பையோடு பெண்ணும் விழுந்து அடிபடுவதுண்டு. சாலைப் பக்கத் தோளில் பை மாட்டாதீர்கள், நடந்துகொண்டே போன் பேசாதீர்கள். அவசரத்துக்கு எண் 999.

பணம் தாராளமாகப் போதும், ஆனால் எந்த விடுமுறை என்பதைப் பொறுத்தது. அரையாண்டு விடுமுறையில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு சேர்ந்து வருவதால் டிக்கெட் விலை ஏறிவிடும். காலாண்டு விடுமுறையைப் பாருங்கள். சென்னையை மட்டும் பார்க்காமல் திருச்சியிலிருந்தும் தேடுங்கள், கடலூரிலிருந்து இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் விமானமாக எடுத்தால் நான்கு மணி நேரப் பயணம், இரண்டரை மணி நேர வித்தியாசம் எல்லாம் சேர்ந்து விடியும் நேரத்தில் இறக்கிவிடும். இரவு 11 மணிக்குப் போய் இறங்கும் டிக்கெட் மலிவு என்றாலும் வேண்டாம். மலிவு விமானங்களில் கையில் 7 கிலோதான். விமான நிலையத்திலிருந்து நகருக்கு விரைவு ரயில் 55 ரிங்கிட், பேருந்து அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஒரு ரிங்கிட் 20 ரூபாய்க்கு மேல் என்று கணக்குப் போடுங்கள். பெண்கள் மட்டும் தங்கும் டார்மில் ஒரு படுக்கை 50 ரிங்கிட்டை ஒட்டிக் கிடைக்கும். வெளிநாட்டவரிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கேட்பார்கள். அது அரசு வரி, சண்டை போட வேண்டாம். பத்துமலைக்குப் போகும் கேடிஎம் புறநகர் ரயிலில் 2010 முதல் பெண்களுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. டாக்சியைக் கைகாட்டி நிறுத்தாமல் கிராப் செயலியில் பிடியுங்கள். சாப்பாட்டுக்கு ‘மாமாக்’ கடைகள், அதாவது அங்குள்ள தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவுக் கடைகள். பல கடைகள் இரவெல்லாம் திறந்திருக்கும், தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

கிளம்பும் முன் ஊரில் யாராவது ஒரு பொட்டலத்தைக் கொண்டு வருவார்கள். அங்கே இருக்கும் மாமாவுக்கு ஊறுகாய், மருந்து என்பார்கள். வாங்காதீர்கள், நெருங்கிய சொந்தமாக இருந்தாலும். போதைப்பொருள் கடத்தலுக்கு மலேசியாவில் மரண தண்டனை வரை போகும். 2023-இல் அதைக் கட்டாயம் என்ற நிலையிலிருந்து எடுத்தார்களே தவிர, தண்டனை இருக்கிறது. “டூரிஸ்ட்டாகப் போ, அங்கே வேலை போட்டுத் தருகிறோம்” என்று அந்த ஏஜென்ட் சொன்னாலும் காது கொடுக்காதீர்கள்.

கடைசியாக வரிசை. புதுப் பாஸ்போர்ட்டில் எண் மாறிவிடும். அது கைக்கு வந்த பிறகே டிக்கெட் போடுங்கள். எம்டாக்கிலும் புது எண்ணையே கொடுங்கள். விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிட்டால் அடுத்த விடுமுறைக்குள் பாஸ்போர்ட் வந்துவிடும்.