டீச்சரிடம் கேளுங்கள்: டுபாயில் பேஸ்போல், லிந்துலையில் எல்லே

(தோட்டப் பாடசாலைகளில் விளையாட்டு கற்பித்து ஓய்வு பெற்ற தலவாக்கலை ஆசிரியை, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: டீச்சர், என் அண்ணன் டுபாயில் செக்கியூரிட்டி வேலை செய்கிறார். அங்கே மும்பைக்கும் கராச்சிக்கும் பேஸ்போல் மெட்ச் நடந்தது, போய்ப் பார்த்தேன் என்கிறார். அரபு நாட்டில் பேஸ்போலா? நம்பலாமா?
– வாசகர், கொட்டகலை

பதில்: தாராளமாக நம்புங்கள் தம்பி. 2025 நவம்பர் 14ஆம் திகதி டுபாயில் ‘பேஸ்போல் யுனைட்டட்’ என்ற தொழில்முறை லீக்கின் முதல் பருவம் தொடங்கியது. முதல் மெட்ச்சே மும்பை கோப்ராஸ், கராச்சி மொனாக்ஸ் இரண்டுக்கும் இடையில்தான். அரேபியா வூல்வ்ஸ், மிட் ஈஸ்ட் ஃபல்கன்ஸ் என்று இன்னும் இரண்டு அணிகள் உண்டு. இதற்கென்றே பாலைவனத்து ஓரத்தில் ஏறக்குறைய 3,000 பேர் உட்காரக்கூடிய மைதானம் ஒன்றைக் கட்டினார்கள். அதற்கு முன்பு, 2023 நவம்பரில், டுபாய் கிரிக்கெட் மைதானத்திலேயே இரண்டு காட்சி மெட்ச் வைத்து ஆழம் பார்த்தார்கள். அமெரிக்க அணிகளான நியூயோர்க் யாங்கீஸில் பேரெடுத்த மரியானோ ரிவேராவும் சின்சினாட்டி ரெட்ஸின் பரி லார்கினும் இந்த லீக்கில் பங்குதாரர்கள்.

மும்பை, கராச்சி என்று பேர் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அமீரகத்தில் வாழ்பவர்களில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து போனவர்கள். அதிலும் இந்தியரும் பாகிஸ்தானியரும் அதிகம். உங்கள் அண்ணனைப் போல லீவு நாளில் பொழுதைக் கழிக்க இடம் தேடுகிறவர்கள்தான் டிக்கட் எடுக்க வேண்டும். கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு அலுப்புத் தட்டாமல் இருக்கப் புது விதிகளும் சேர்த்தார்கள். ஓர் அணி ‘மணி போல்’ கேட்டு எடுத்துக்கொண்டு அந்தப் பந்தில் ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி எல்லையைத் தாண்டும் அடி) அடித்தால், கிடைக்கும் ஓட்டம் இரட்டிப்பாகும்.

இதெல்லாம் நல்ல ஆரம்பம். ஆனால் ஒரு விளையாட்டு ஒரு நாட்டில் வளர்ந்திருக்கிறதா என்று கேட்டால், அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் அதை விளையாடுகிறார்களா என்றுதான் நான் பார்ப்பேன். அந்தக் கண்ணால் பார்த்தால் டுபாய் இன்னும் நிறையத் தூரம் போக வேண்டும்.

கேள்வி: அரபு நாடுகளில் பேஸ்போலை முதலில் விளையாடியது யார்?
– வாசகர், பண்டாரவளை

பதில்: 1889 பெப்ரவரி 9ஆம் திகதி, உலகம் சுற்றப் புறப்பட்ட அமெரிக்கத் தொழில்முறை வீரர்கள் எகிப்தின் கீசாவில், பிரமிட்டுகளுக்கு முன்னால் மணலில் ஒரு மெட்ச் ஆடினார்கள். ஒட்டகத்திலும் கழுதையிலும் ஏறித்தான் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். நமக்கு முக்கியமான செய்தி இது: அதே பயணத்தில் எகிப்துக்குப் போகுமுன் அவர்கள் கொழும்பிலும் இறங்கி விளையாடினார்கள். கோப்பி அழிந்து, நம் மலைகளில் தேயிலை பரவிக்கொண்டிருந்த காலம். இரண்டு ஊரிலும் ஆடிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார்கள். யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஒன்றும் முளைக்கவில்லை.

அப்புறம் எண்ணெய் வந்தது. சவூதியின் தஹ்ரானில் அரம்கோ கம்பனியின் அமெரிக்க ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக ‘லிட்டில் லீக்’ என்ற சிறுவர் பேஸ்போல் நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகள் ‘சவூதி அரேபியா’ என்ற பேரில் பென்சில்வேனியாவில் நடக்கும் லிட்டில் லீக் உலகத் தொடருக்குப் பல தடவை போயிருக்கிறார்கள். குடியிருப்பின் மதிலுக்கு வெளியே இருந்த சவூதிப் பையன்களோ கால்பந்துதான் உதைத்தார்கள். தோட்டத்துத் துரைமார் கிளப்பில் டெனிஸ் கோர்ட் இருந்தும் லயத்துப் பிள்ளைகள் அதில் கால் வைக்காத கதையை நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

கேள்வி: நான் உயர்தரம் படிக்கிறேன் டீச்சர். பாடசாலை எல்லே அணியில் இருக்கிறேன். அரபு நாட்டுப் பெண்களும் பேஸ்போல் விளையாடுகிறார்களா? எங்களால் முடியுமா? கிளவுஸ், பெட் எல்லாம் வாங்க வசதியில்லை.
– மாணவி, லிந்துலை

பதில்: மகள், உன் கடிதத்துக்குத்தான் நீளமாக எழுதப் போகிறேன்.

2017இல் காசாவின் கான் யூனிஸ் நகரத்தில் இளம் பெண்கள் சிலர் கூடிப் பேஸ்போல் பழகினார்கள். ஹிஜாபுக்கு மேலே தொப்பி. உண்மையான பேஸ்போல் பந்து இல்லை, டெனிஸ் பந்து. அடிக்கும் மட்டையை உள்ளூரிலேயே மரத்தில் செதுக்கி எடுத்தார்கள். கிளவுஸைத் துணியில் தைத்துக்கொண்டார்கள். அவ்வளவு குறைச்சலை வைத்துக்கொண்டு ஓடினார்கள், பிடித்தார்கள், சிரித்தார்கள். 2023இல் தொடங்கிய காசாப் போரில் அந்த நகரம் என்ன பாடு பட்டது என்று உனக்குத் தெரியும். அந்தப் பெண்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. அதன் பேர் பேஸ்போல்-ஃபைவ். அரபு நாடுகளில் துனிசியா இதில் நன்றாக முன்னுக்கு வந்து, 2022இல் மெக்சிக்கோ நகரத்தில் நடந்த முதல் உலகக் கிண்ணம் வரை போனது. இதற்கு பெட்டும் வேண்டாம், கிளவுஸும் வேண்டாம். ஒரு ரப்பர் பந்து போதும். பந்து வீசவும் ஆள் இல்லை. அடிப்பவள் தானே பந்தைக் கையில் எடுத்து, உள்ளங்கையாலோ மூடிய கையாலோ அடித்துவிட்டு ஓடுவாள். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், ஐந்து இன்னிங்ஸ். ஆணும் பெண்ணும் ஒரே அணியில். ஆடுகளத்தில் குறைந்தது இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள் இருந்தாக வேண்டும்.

இடம் எவ்வளவு தெரியுமா? பக்கத்துக்கு 18 மீற்றர் சதுரம். உங்கள் பாடசாலை வொலிபோல் கோர்ட்டின் நீளமும் அதே 18 மீற்றர்தான். மலையை வெட்டிச் சமன் செய்த சின்ன மைதானத்திலும் அடங்கிவிடும். பந்து உயரப் பறந்து தேயிலைக்குள் விழுமோ என்ற கவலையும் குறைவு. அடித்த பந்து களத்துக்குள் ஒரு தடவையாவது குத்த வேண்டும். குத்தாமல் நேரே வெளியே போனால் அடித்தவள் அவுட். அதனால் தூக்கி அடிப்பதை மறந்துவிட்டு, இரண்டு பேருக்கு நடுவில் தரையோடு அடிக்கப் பழகு. முதல் வாரம் உள்ளங்கை சிவந்து எரியும். பயப்படாதே, பழகிவிடும்.

மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடும் நம் எல்லேயில் ஓடிப் பழகிய கால்கள் உன்னிடம் இருக்கின்றன. ஒன்றை மட்டும் மாற்றிக்கொள். எல்லேயில் ஓடுகிறவளைப் பந்தால் எறிந்து அவுட் எடுப்போம். இங்கே எறியக் கூடாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளைத் தொட வேண்டும், அல்லது அவள் கட்டாயம் ஓடிச் சேர வேண்டிய தளத்தை (பேஸ்) அவளுக்கு முன்னால் மிதிக்க வேண்டும்.

கேள்வி: இலங்கை அணி அரபு நாடுகளோடு விளையாடியிருக்கிறதா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: 2024 நவம்பரில் டுபாயில் ‘அரப் கிளாசிக்’ என்ற தொடர் நடந்தது. ஒன்பது அணிகளில் இலங்கையும் ஒன்று. அமீரகம், சவூதி, பலஸ்தீனம் மூன்றும்தான் அரபு அணிகள், மற்றதெல்லாம் நம் தெற்காசியா. கிண்ணத்தைப் பாகிஸ்தான் கொண்டுபோனது. பலஸ்தீனத்தைக் குறைத்து எண்ண வேண்டாம். 2023இல் இஸ்லாமாபாத்தில் நடந்த மேற்காசியக் கிண்ணத்தில் இறுதிப் போட்டி வரை வந்தவர்கள் அவர்கள்.

நம் நாட்டில் ஜப்பான் உதவியோடு கட்டிய பேஸ்போல் மைதானம் 2012இலிருந்து தியகமவில் இருக்கிறது. நம் அக்கரப்பத்தனைப் பக்கத்து டயகம இல்லை, ஹோமாகமவுக்குக் கிட்ட இருக்கும் தியகம. மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் போக அரை நாள் போய்விடும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற ஆசிரியர்கள் முதல் நாளே போய்த் தங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.