ஹார்மோன் ஊசி போட்டால் எதிர்ப்புச் சக்தி போய்விடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. புராஸ்டேட் புற்றுநோய்க்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை லூப்ரோலைடு என்ற ஹார்மோன் ஊசி போடுகிறோம். போன மாதம் முதல் அபிராடெரோன், பிரெட்னிசோலோன் மாத்திரைகளும் உண்டு. எப்போதும் களைப்பாக இருக்கிறார். ‘எதிர்ப்புச் சக்தி போய்விடும்’ என்று சொந்தக்காரர்கள் சொல்வதால் அவரை வெளியே விடுவதில்லை. ஃப்ளூ தடுப்பூசி போடலாமா?

பதில்: முதலில் அப்பாவை வெளியே விடுங்கள். உங்கள் சொந்தக்காரர்கள் கீமோதெரபியையும் ஹார்மோன் சிகிச்சையையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கீமோ மருந்துகள் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி வெள்ளை அணுக்களைக் குறைப்பவை. லூப்ரோலைடு அப்படியல்ல. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை விதைப்பை சுரப்பதை நிறுத்துவதுதான் அதன் வேலை.

டெஸ்டோஸ்டிரோனுக்கே எதிர்ப்புச் சக்தியைச் சற்று அடக்கிவைக்கும் குணம் உண்டு. எதிர்ப்புச் சக்தி அணுக்களான டி-செல்கள் பக்குவப்படும் தைமஸ் சுரப்பி பருவ வயதுக்குப் பின் சுருங்கிப்போக அதுவும் ஒரு காரணம். விதைநீக்கம் செய்த விலங்குகளில் அந்தச் சுரப்பி மீண்டும் வளர்வதைப் பார்த்திருக்கிறார்கள். சிகிச்சை பெறும் ஆண்களின் புராஸ்டேட் கட்டிக்குள் டி-செல்கள் கூடுதலாக நுழைவதும் தெரியவந்திருக்கிறது. இதை வைத்து அப்பாவின் எதிர்ப்புச் சக்தி கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. ஊசி அதை அழிக்கிறது என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை என்பதற்காகவே சொல்கிறேன்.

களைப்புக்குக் காரணம் வேறு. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுவதில் டெஸ்டோஸ்டிரோனுக்கும் பங்கு உண்டு. அது இறங்கினால் ஹீமோகுளோபினும் இறங்கும், தசையும் கரையும். ‘சக்தி இல்லை’ என்று அவர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வீட்டுக்குள் அடைத்துவைத்தால் தசை இன்னும் வேகமாகப் போகும். தினமும் நடக்கட்டும். தோள், தொடைக்கு லேசான பளு பயிற்சியும் செய்யட்டும்.

நீங்கள் கவனம் வைக்கவேண்டியது சர்க்கரையில். ஹார்மோன் சிகிச்சையே இன்சுலின் வேலை செய்வதைக் குறைக்கும், ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் அதற்குமேல் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை கூடினால் சிறுநீர்த் தொற்று, ஆறாத புண் எல்லாம் வரும். வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் மூன்று மாதச் சராசரியையும் பார்த்துவிடுங்கள். இதற்குப் பயந்து பிரெட்னிசோலோனை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். உடலே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசோல் அபிராடெரோனால் குறைவதை ஈடுகட்டத்தான் அதைச் சிறிய அளவில் கொடுக்கிறார்கள். விட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

ஃப்ளூ தடுப்பூசி தாராளமாகப் போடலாம், ஆண்டுதோறும் போடவும் வேண்டும். நிமோனியாவுக்கான நிமோகாக்கல் தடுப்பூசியையும் கேளுங்கள். இவை உயிருள்ள கிருமி இல்லாத ஊசிகள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி எதையும் அவருடைய புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் போடவேண்டாம். ‘எதிர்ப்புச் சக்திச் சூரணம்’ என்று யாராவது கொடுத்தால் அதையும் மருத்துவரிடம் காட்டிவிட்டே கொடுங்கள். அபிராடெரோன் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது, இன்னொரு பாரம் அதற்கு வேண்டாம்.

பின்னால் என்றாவது டோசிடாக்செல் ஊசி தொடங்கினால் கணக்கு மாறும். அது கீமோ. அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருக்காமல், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.